தூணுக்குப் போட்ட சட்டை

திருப்புளி பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. நான் அழுத்தவே இல்லை. ஜன்னல் கொக்கியை மாற்றிவிட்டு, கையில் இருந்ததே என்று போகிற போக்கில் தூணில் ஒரு குத்து குத்திப் பார்த்தேன், அவ்வளவுதான். நூறு வருஷத்துக்கு மேல் நின்ற தேக்கு, பழுத்த பட்டர் ஃப்ரூட்டில் கத்தி இறங்குகிற மாதிரி வழிவிட்டது. உருவிப் பார்த்தால் நுனியில் கறுப்பாக ஈரத்தூள். மோந்தேன். காளான் வாடை. பின்னால் நர்ஸம்மா டீ எடுத்துக்கொண்டு வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. அடுத்து நான் செய்ததைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. பையில் இருந்த, சுவர் ஓட்டை அடைக்கிற பட்டிப் பசையை விரலால் வழித்து அந்த ஓட்டையை அடைத்தேன். கட்டைவிரலால் தேய்த்துச் சமமாக்கினேன். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு டீயை வாங்கிக் குடித்தேன். "ஜன்னல் சரியாப் போச்சா தம்பி?" என்று கேட்டார். "எல்லாம் சரியாப் போச்சும்மா" என்றேன்.

கொடைக்கானலில் அவரை எல்லாரும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தைந்து வருஷம் மலையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர்களின் லய வீட்டில் பிறந்து, பாவாடை கட்டுகிற வயதில் கப்பலேறி மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கிருந்து மலைக்கு வந்த குடும்பம். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். அண்ணன்தான் காட்டில் மரம் வெட்டி, அவரை நர்ஸ் படிப்புப் படிக்க வைத்தவர். அந்த அண்ணன் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். வலது பக்கம் முழுக்க விழுந்து, பேச்சும் போய்விட்டது. லயம், முகாம், ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் என்று அண்ணனும் தங்கையும் ஆயுசு முழுக்க இன்னொருவர் கூரைக்குக் கீழேயே இருந்தவர்கள். "கண்ண மூடுறதுக்கு முந்தி அவரு நம்ம கூரையப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கணும், விளங்குதா?" என்று முதல் நாளே என்னிடம் சொன்னார். 'விளங்குதா' என்பது அவர் வாயில் அடிக்கடி வரும்.

அவர் வாங்கியது வீடு இல்லை. வில்பட்டி போகிற வழியில், சரிவில் நின்ற ஒரு மரக் கூடம். வெள்ளைக்காரர்கள் காலத்தில் ஜெபக் கூட்டத்துக்காகக் கட்டியது. பிறகு ரொம்ப வருஷம் உருளைக்கிழங்குக் கிடங்காகக் கிடந்தது. பக்கத்துக்கு நாலாக எட்டுத் தேக்குத் தூண்கள், அவற்றின் தலையில் ஆள் தண்டி உத்தரங்கள், மேலே கப்பலைக் கவிழ்த்த மாதிரி கூரைச் சட்டம், அதன்மேல் தகரம். சுவர் என்பது தூண்களுக்கு நடுவே அடைத்த கல்லும் மண்ணும்தான். அது எதையும் தாங்கவில்லை, மறைப்புக்கு நின்றது. பார்க்க வந்த மற்ற காண்ட்ராக்டர்கள் எல்லாரும் இடித்துப்போட்டு மூன்று மாடி கட்டலாம் என்றுதான் சொன்னார்களாம். நான் மட்டும்தான், "இத அப்படியே வீடாக்கலாம்மா" என்றேன். அதனால்தான் வேலையை எனக்குக் கொடுத்தார். என் மீது அவர் வைத்த நம்பிக்கை அந்த ஒரு வார்த்தையில் தொடங்கியது என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை.

அந்த ஒன்பது மாத வேலையைப் போல் நான் எதையும் ரசித்துச் செய்ததில்லை. முதல் ஒரு மாதம் உருளைக்கிழங்கு மக்கிய மண்ணை வாரிக் கொட்டியதிலேயே போனது. கரியேறிய உத்தரங்களைச் சோப்பும் தேங்காய் நாருமாகத் தேய்த்தபோது, ஒவ்வொரு பொருத்திலும் உளியால் கீறிய கோடுகள் தெரிந்தன. இது ஒன்றோடு ஒன்று, இது இரண்டோடு இரண்டு என்று கட்டினவர்கள் போட்ட அடையாளம். அதே வரிசையில் நாங்களும் தூண்களுக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை பெயர் வைத்துக்கொண்டோம். கூடத்தைத் தடுத்து அறைகளாக்கலாம் என்று நான் படம் போட்டுக் காட்டினேன். நர்ஸம்மா ஒரே பேச்சில் வேண்டாம் என்றுவிட்டார். குளியலறைக்கு மட்டும் ஒரு மூலை. மற்றதெல்லாம் ஒரே கூடம். அடுப்படியில் நின்றாலும் வாசலில் நின்றாலும் கட்டிலில் இருக்கிற அண்ணன் தங்கையைப் பார்க்க வேண்டும். கட்டில் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், இரும்புக் கணப்புக்கு எதிரே. நேர் மேலே நடு உத்தரம்.

இப்போது என் புத்திசாலித்தனத்துக்கு வருகிறேன். என்னை இன்ஜினியர் என்பார்கள். டிப்ளமாதான். யாராவது இன்ஜினியர் என்றால் திருத்துகிற பழக்கம் அப்போது எனக்குக் கிடையாது. நான் பழனிக்காரன். கீழே பிறந்தவனுக்கு மரத்துக்கு எதிரி என்றால் கறையான்தான். எங்கள் வீட்டில் வாசல் நிலை, பரண் கட்டை, சாமி அலமாரி என்று ஒன்று விடாமல் அது தின்று தீர்த்ததைப் பார்த்து வளர்ந்தவன். அதனால் மரத்தின் அடி மண் பக்கம் போனால் அதைச் சிமெண்டால் மூடிவிட வேண்டும் என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பாடம். இங்கேயோ அந்த எட்டுத் தூண்களும் எதிலும் பிணைக்காமல் ஆளுக்கொரு கருங்கல் மேல் சும்மா நின்றுகொண்டிருந்தன. எனக்குத் தாங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் முழங்கால் உயரத்துக்குக் கான்கிரீட் சட்டை போட்டு, மேலே கறுப்பு ஆக்சைடு பூசி மெழுகினேன். பார்க்க அம்சமாக இருந்தது. அந்தப் படத்தைத்தான் வருகிற கிராக்கிகளுக்கெல்லாம் காட்டினேன்.

பூண்டிப் பக்கத்து ஆசாரி ஒருவர்தான் மர வேலை பார்த்தார். வில்பட்டியில் குடியிருந்தார். என் வயதுதான், கோபமும் என்னளவுக்கு உண்டு. சட்டை போட ஆரம்பித்த அன்றைக்கே உளியைக் கீழே வைத்துவிட்டார். "கல்லு மேல சும்மா நிக்கிறதுனாலதான் இம்புட்டு நாளா நிக்கிது. நனையும், காயும், அது பாட்டுக்குக் கெடக்கும். அத எதுக்குச் சட்டையப் போட்டு மூடுறீங்க?" என்றார். "ஆசாரி, நீங்க மரத்தப் பாருங்க. சிமெண்ட நான் பாத்துக்கிறேன்" என்றேன் நான். சுற்றி நின்ற ஆட்கள் சிரித்தார்கள். நர்ஸம்மாவும் சிரித்தார். ஆசாரி உளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மலையில் மரத்துக்கு எதிரி கறையான் இல்லை, மஞ்சு என்பது எனக்கு அப்போது தெரியாது. மாதக்கணக்கில் இறங்குகிற பனி ஈரம் தூண் வழியாக வழிந்து என் சட்டைக்குள் போயிற்று. போனது வெளியே வர வழியில்லை.

குடியேறி ஒன்றரை வருஷம் கழித்துத்தான் அந்தத் திருப்புளி சமாச்சாரம். புரட்டாசி முடிகிற சமயம். பட்டியை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவனுக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி உடம்புக்கு என்ன என்று கேட்டாள். தலைவலி என்றேன். சொல்லிவிட வேண்டியதுதானே என்று இப்போது கேட்பது சுலபம். அப்போது என் மண்டைக்குள் ஓடியதெல்லாம் ஆசாரியின் முகமும், அன்றைக்குச் சிரித்த ஆட்களின் முகமும்தான். மழை முடியட்டும், தை மாதம் வந்து 'பராமரிப்பு' என்று ஒரு பேரைச் சொல்லி எல்லாச் சட்டையையும் உடைத்துச் சத்தமில்லாமல் சரிபண்ணிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நூறு வருஷம் நின்றது மூன்று மாதம் நிற்காதா என்று எனக்கு நானே வக்கீலாகப் பேசிக்கொண்டேன். ஆனால் தெருவில் லாரி போய் எங்கள் வீட்டுத் தகரம் அதிர்ந்தால்கூட எழுந்து உட்கார்ந்தேன். அப்படியே பதினோரு நாள் ஓட்டினேன்.

ஐப்பசி பிறந்ததும் பிறக்காததுமாக வங்கக் கடலில் புயல் சின்னம் என்றார்கள். மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலையில் என் கை தானாக ஜீப் சாவியை எடுத்தது. போகிற வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அங்கே போனால் வாசல் கதவு பாதி திறந்தபடி நிற்கிறது. நர்ஸம்மா ஸ்வெட்டருக்கு மேல் ஷாலைப் போர்த்திக்கொண்டு அதைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்துலருந்து இது சாத்தமாட்டேங்குது தம்பி. மழைக்கு உப்பிருச்சு போல. வெரசா ஒரு சீவு சீவி விட்டுருங்க, குளிரு அண்ணன் மேல அடிக்குது" என்றார். கதவு உப்பவில்லை. மேல் சட்டம் இறங்கி அதை அமுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே பார்த்தேன். நடு உத்தரம் மூன்றாவது தூண் பக்கமாக இரண்டு விரல் அளவு சாய்ந்திருந்தது. அதன் கீழே அண்ணன் கண்ணை விழித்து மேலே பார்த்தபடி படுத்திருந்தார்.

ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. "கதவு இல்லம்மா. தூணு அழுகிருச்சு. நான் போட்ட சிமெண்டுதான். எனக்கு முன்னாடியே தெரியும்" என்று உளறிக் கொட்டினேன். அவர் என்னைத் திட்டுவார், அழுவார், அடித்தால்கூடச் சரிதான் என்று நின்றேன். அவர் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டு, நோயாளியிடம் விசாரிக்கிற அதே குரலில் கேட்டார். "எப்பத்துலருந்து தெரியும்?"

"பதினோரு நாளா."

"பதினோரு நாளா நான் அவருக்குக் கஞ்சி ஊட்டுனது அதுக்குக் கீழதான்" என்றார்.

தூண் பக்கம் போய்க் குனிந்து, என் சட்டையின் விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தார். பட்டி அடைத்த இடத்தை நகத்தால் கிள்ளி எடுத்தார். "சக்கரைக்காரங்க இப்பிடித்தான் வருவாங்க. காலுல புண்ணு இருக்கும். வெக்கப்பட்டுக்கிட்டு சாக்ஸப் போட்டு மூடிக்கிட்டு வந்து நிப்பாங்க. அவுத்துப் பாத்தா முழங்கால் வரைக்கும் போயிருக்கும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஆசாரிக்குப் போன் போட்டேன். அரை மணி நேரத்தில் கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, தன் மச்சானுடைய காய்கறி லாரியிலிருந்து கழற்றிய இரண்டு ஜாக்கிகளோடு நடந்தே வந்துவிட்டார். டவுனிலிருந்து கூப்பிட்ட என் ஆட்களால் வர முடியவில்லை. நான் வந்த பிறகு ரோட்டில் மரம் விழுந்துவிட்டது. ஆசாரி நான் சொல்லச் சொல்லத் தூணைச் சுற்றி வந்து பார்த்தார். அன்றைக்கே சொன்னேனே என்று அவர் கேட்டிருந்தால் நான் கொஞ்சம் நிமிர்ந்திருப்பேன். அவர் கேட்கவில்லை. "முட்டுக் குடுக்கக் கட்டை எங்க கெடக்கு?" என்றுதான் கேட்டார். எட்டில் ஐந்து தூண் தட்டினால் மரச் சத்தமே வரவில்லை, உள்ளே அழுகல். எந்த ஒன்று போனாலும் கூரை மொத்தமும் உட்கார்ந்துவிடும், கட்டிலைக் கூடத்துக்குள் எங்கே நகர்த்தினாலும் ஒன்றுதான் என்றார் ஆசாரி. மூன்றாவது தூணை மட்டும் உடனே தூக்கியாக வேண்டும். மற்றதெல்லாம் முட்டுக் கொடுத்தால் நாலு நாள் தாங்கும்.

அண்ணனைப் போர்வையில் தூக்கிக்கொண்டு சரிவில் கீழே இருக்கிற பக்கத்து வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். அறுபது படி. நர்ஸம்மா அண்ணனின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். "சளி கட்டிக்கிட்டு இழுக்குது. இந்த மழையில வெளிய எடுத்தா இன்னைக்கே போயிருவாரு. அது நிச்சயம். உத்தரம் விழுகும், விழாமயும் இருக்கும்" என்றார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில், உத்தரத்துக்கு நேர் கீழே போட்டார். "ஆசாரி ஒரு ஜாக்கியப் பாக்கட்டும். இன்னொன்ன நான் பாக்குறேன், எனக்குக் கையில வலு இருக்கு. நீங்க அண்ணன்கிட்ட உக்காருங்க."

"அம்மா, தூக்குற வேல எனக்குத்தான..."

"நீங்க இங்க உக்காருங்க, தம்பி."

உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது? அவர் தண்டனையாகச் சொன்னாரா, இல்லை அண்ணன் பயந்து போகாமல் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்று சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் தைரியமும் வரவில்லை. அண்ணன் விழாத இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மரம் வெட்டின கை. ஆசாரி "ம்" என்றதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கால் சுற்று சுற்றினார்கள். மரம் முனகியது. தகரத்தின் மேல் மழை அடிக்கிற சத்தத்தையும் மீறி அந்த முனகல் எனக்குத் தனியாகக் கேட்டது. திரும்ப "ம்", திரும்பக் கால் சுற்று. கரித்தூள் கண்ணிலும் வாயிலும் கொட்டியது. குலதெய்வத்திலிருந்து பழனி முருகன் வரை எல்லாரையும் கூப்பிட்டுவிட்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஆசாரி உத்தரத்தின் மேல் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். ஒரு விரல் உயர்த்துவதற்கு இரண்டு மணி நேரம் ஆனது.

நடுவில் படாரென்று ஒரு சத்தம். துப்பாக்கி வெடித்த மாதிரி இருந்தது. நான் எழுந்துவிட்டேன். எழுந்து கதவு பக்கம் ஒரு காலும் வைத்துவிட்டேன். இதை மறைத்து எழுத எனக்கு உரிமை இல்லை. என்னை நிறுத்தியது மனசாட்சி அல்ல, அண்ணனின் கை. அவர் விடவில்லை. கண் என்னைப் பார்த்தது. "ஆணிதான், ஆணிதான்! பழைய ஆணி தெறிச்சிருச்சு! யாரும் அசையாதீங்க!" என்று ஆசாரி கத்தினார். நர்ஸம்மா ஜாக்கிப் பிடியிலிருந்து கையை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து நின்ற கோலத்தைப் பார்த்தார். அந்த அவமானத்தில் திரும்ப ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பிறகு ஆசாரி அழுகலுக்கு மேல் ரம்பத்தை வைத்து அறுத்தார். என் கறுப்புச் சட்டையோடு சேர்த்து அந்தத் துண்டைக் கடப்பாரையால் நெம்பி வெளியே தள்ளினார். உள்ளே மரம் என்று ஒன்று இல்லவே இல்லை, ஊறிப்போன தேயிலைத் தூள்தான் இருந்தது. வாசல் படிக்குப் போட்டிருந்த கருங்கல்லில் மூன்றைப் பெயர்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன்மேல் தூணை இறக்கினார்கள். கூடம் முழுவதும் ஒருமுறை நெட்டுயிர்த்து அடங்கியது. அப்போது மணி மூன்று இருக்கும். நர்ஸம்மா கையைக் கழுவிவிட்டு வந்து, முதல் காரியமாக அண்ணனின் முகத்திலிருந்த கரியைத் துடைத்தார். அப்புறம் கஞ்சியைச் சுட வைத்தார். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வைத்தார்.

மற்ற ஏழு சட்டைகளையும் அந்த வாரமே உடைத்து, அழுகியதை அறுத்துக் கல் வைத்தோம். இதே மாதிரி நான் மூடி வைத்த இன்னும் இரண்டு வீடுகளுக்கும் போய், வீட்டுக்காரர்களிடம் நானே சொல்லி, நானே உடைத்தேன். அண்ணன் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்து, தன் கூரையைப் பார்த்தபடியே போனார். நர்ஸம்மா என்னை மன்னித்ததாகச் சொல்லவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. வருஷா வருஷம் முதல் மழைக்குப் போன் வரும். "மழை எறங்கிருச்சு தம்பி. நாளைக்கு வெள்ளனே வாங்க." போவேன். எட்டுத் தூணையும் தட்டிப் பார்த்துக் குத்திப் பார்த்து, "எட்டும் நல்லாருக்கும்மா" என்பேன். அவர் "ம்" என்பார். நெஞ்சாரச் சொன்ன வார்த்தைக்கு ஒரு 'சரி'கூடச் சொல்லமாட்டாரா என்று திரும்பி வரும்போது எனக்குச் சில வருஷம் கோபம்கூட வந்திருக்கிறது.

போன ஐப்பசியில் போன் செய்தது அவருடைய ஒன்றுவிட்ட அக்கா மகள். "சித்திக்கு முடியலண்ணே. ஆனா உங்களக் கூப்புடச் சொல்லி ஒரே பிடிவாதம்" என்றாள். போனேன். நர்ஸம்மா பாதியாக இளைத்துக் கட்டிலில் கிடந்தார். அந்தப் பெண் என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், "டாக்டரு நாள் சொல்லிட்டாருண்ணே. எது எப்பிடி இருந்தாலும் நல்லாருக்குன்னு சொல்லிருங்க. நிம்மதியாப் போகட்டும்" என்று கண்ணைத் துடைத்தாள். அவள் கேட்டதில் தப்பில்லை. தலையை ஆட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏணி போட்டு ஏறியபோது ஏழாவது தூணின் தலை கைக்கு ஈரமாகப் பட்டது. மேலே தகரத்தில் ஒரு ஆணி கழன்று தண்ணீர் இறங்கியிருந்தது. விரல் வைத்தால் மரம் உதிர்ந்தது. ஏணியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். இந்த முறை தப்பு என்னுடையது இல்லை. மறைத்தாலும் யாருக்கும் ஆபத்து இல்லை, ஆசாரி நாளைக்கே வந்து சரிபண்ணிவிடுவார். இந்த அம்மாவுக்கு இன்னும் எத்தனை நாள்? சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது?

இறங்கி வந்து கட்டில் பக்கம் நின்றேன். "சொல்லுங்க தம்பி" என்றார். குரல் காற்றாக வந்தது. அக்கா மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழாவது சரியில்லம்மா. தலையில தண்ணி எறங்கிருக்கு. ஒரு சாண் அழுகிருச்சு."

அந்தப் பெண் "அண்ணே!" என்று பதறினாள். நர்ஸம்மா கையை அசைத்து அவளை நிறுத்தினார். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"அப்ப மத்த ஏழும் நெசமாவே நல்லாருக்கு" என்றார்.

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். நான் கூப்பிட்ட ஆசாரி உளியோடு வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் நர்ஸம்மாவுக்கு நல்ல தூக்கம்.